இருபத்திரண்டாவது ஓட்டை

ஆகஸ்ட் 5, திங்கள்

ஜெனரேட்டர் டீசல் முக்கால் டேங்க். ஆண்கள் வார்டில் இரண்டு டியூப் லைட் மாற்றினேன். மூன்றாம் மாடியில் ஏ.சி. ஒழுகுகிறதாம். ஒழுகாமல் என்ன செய்யும்? அந்த ரூம் டாக்டர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஏ.சி. போடுகிறார். சொன்னால் முறைக்கிறார்.

இன்று கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலைக்காகக் கோயமுத்தூர் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருக்கிறார். பெயர் தாரணி. என் மகள்.

இதை இந்த டைரியில் மட்டும்தான் எழுதலாம். காலையில் வண்டியில் வரும்போதே கண்டிஷன் போட்டுவிட்டாள்.

“அப்பா, ஆஸ்பத்திரிக்குள்ள நான் உங்க பொண்ணு இல்லீங்க. எலக்ட்ரீஷியன் சிபாரிசுல வந்த புள்ளைன்னு ஒருத்தர் வாயில வந்துரக் கூடாது. நீங்க என்னைய மேடம்னு கூப்பிடுங்க.”

“நீ என்னைய என்னன்னு கூப்பிடுவே?”

“எல்லாரும் கூப்பிடறாப்பல, அண்ணான்னு.”

பெற்ற அப்பனை அண்ணா என்று கூப்பிட ஒரு பெண். பேக்கரி முக்கிலேயே இறங்கி, அங்கிருந்து நடந்து வந்தாள். நான் முன்னால் போய், ஒன்றும் தெரியாதவன் மாதிரி மோட்டார் போட்டுக்கொண்டு நின்றேன்.

அவள் தனியாக எடுத்துச் செய்கிற முதல் வேலை இது. ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் இதேபோல் வேலைகள் அவள் கையில் வரும். சொதப்பினால் மறுபடி ஆபீசில் உட்கார்ந்து கம்ப்ளெயிண்ட் போன் எடுக்க வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருக்கிறார். என் வீட்டுக்காரி சம்பூரணம்தான் சொன்னாள். என்னிடம் எதற்குச் சொல்லப் போகிறாள்? நான்தான் கவர்ன்மென்ட் பரீட்சை எழுது எழுது என்று இரண்டு வருஷம் கத்தினவனாயிற்றே.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மேனேஜர் மோகனரங்கத்துக்கு தாரணி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஏணி ஒன்றும் ஆடவில்லை, அதன் மேல் ஆளும் இல்லை.

“ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் இருக்கணும் சார். இருந்தாத்தான் ஒண்ணுக்கொண்ணு பேசும். இதுவரைக்கும் யாரோ கையால போட்டு வெச்சிருக்காங்க. ஒரே நம்பரை ரெண்டு மெஷினுக்குப் போட்டதாலதான் உங்க பில்லிங் அடிக்கடி நிக்குது. புது பில்டிங் வேற வருது. அத்தனைக்கும் கையால போட்டு முடியாது.”

“அப்புறம் யாரும்மா போடுவா?”

“சுவிட்சே போடும். நம்ம ஓ.பி.ல டோக்கன் குடுக்கறாங்கல்ல, அந்த மாதிரி. எந்த மெஷின் ஆன் ஆனாலும் எனக்கொரு நம்பர் குடுன்னு கேக்கும். சுவிட்ச் காலியா இருக்கறதுல ஒண்ணை எடுத்துக் குடுக்கும். வேலை முடிஞ்சா திரும்ப வாங்கி வெச்சுக்கும். லேப் மெஷினு, பிரிண்டர் இதுகளுக்கு மட்டும் மாறாத நம்பரைத் தனியா ஒதுக்கி வெச்சுருவேன்.”

சுவிட்ச் என்றால் எனக்குத் தெரியாததா என்று நினைத்தேன். காட்டினாள். சுவரில் மாட்டுவது இல்லை, நீளமான இரும்புப் பெட்டி, முன்பக்கம் வரிசையாக ஓட்டைகள். போர்ட் என்கிறாள். எனக்கு ஓட்டைதான். சாதாரணமாக நாலு கடையில் கிடைக்கிற பெட்டி போல இல்லையாம், இதற்கு நாம் கட்டளை போடலாமாம்.

மோகனரங்கம் மண்டையை ஆட்டினார். அவருக்குப் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது.

லேப் பிலோமினா சிஸ்டர் கேட்டார், “அர்த்தநாரிண்ணா, அந்தப் புள்ளைக்கு மூக்கு அப்படியே உங்களை உரிச்சு வெச்சாப்பல இருக்குதே?” ஈரோட்டில் இந்த மூக்கு நிறையப் பேருக்கு உண்டு என்று சொல்லிவிட்டேன். நான் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

சுவிட்சை இன்று மாட்ட வேண்டும் என்றதும் மோகனரங்கம், ஆடி மாசமாயிற்றே, ஆவணி பிறந்ததும் மாட்டலாமே என்றார். “மாட்டறதை இப்ப மாட்டிருவோம் சார். திறப்பு விழா ஆவணிலதானே,” என்றாள். எப்படிப் பேசுகிறாள் பாருங்கள். நான் மூன்று தடவை லீவு கேட்டால்தான் அந்த ஆள் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார்.

பழைய வயர்களைக் கழற்றிப் புது சுவிட்சில் சொருகும் வேலை. கட்டடத்தில் ஓடுகிற நெட்வொர்க் வயர் எல்லாம் நான் இழுத்தது. ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் எங்கே போகிறது என்று வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டியிருப்பேன். இந்த ஆஸ்பத்திரியில் பெயர் எழுதாத வயர் ஒன்று காட்டினால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று எல்லாரிடமும் சொல்வதுண்டு. இன்றுவரை மீசை இருக்கிறது.

தாரணி ஒரு வயரைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு மேனேஜரிடம், “இதெல்லாம் யாரு சார் இழுத்தாங்க? நல்லா இழுத்திருக்காங்க,” என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஒரு வேலையும் இல்லாமல் இரண்டாம் மாடி வரை போய்விட்டு வந்தேன்.

(பிலோமினா சிஸ்டரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். சொன்னபோது லிஃப்ட் ஆளும் பக்கத்தில் இருந்தார். அவரும் நல்ல மனிதர்தான்.)

ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்று எனக்கு அவமானம்.

தாரணி போன் பண்ணியிருக்கிறாள், சுவிட்ச் மாட்டியிருக்கிற ரேக்குக்குக் கரண்ட் வரவில்லை என்று. நான் ஜெனரேட்டர் ரூமில் இருந்தேன். அது பூமிக்கடியில் இருக்கிறது, அங்கே டவர் ஒரு கோடுகூட வராது. ஆளாளுக்குத் தேடி, கடைசியில் வாட்ச்மேன் வந்து கூப்பிட்டார். போய் நின்றால், ஓ.பி.யில் அத்தனை ஜனத்துக்கு முன்னால், “அண்ணா, போன் பண்ணா எடுக்க மாட்டீங்களா? உங்களுக்காகத்தான் இவ்வளவு நேரம் நிக்கறேன்,” என்கிறாள்.

“சரிங்க மேடம்,” என்றேன். வேறென்ன சொல்ல?

வேறு யாராவது அப்படிப் பேசியிருந்தால் நான் திருப்பிக் கொடுத்திருப்பேன். ஆனால் வேலை என்றால் அப்படித்தான் கேட்க வேண்டும். நானும் அப்படித்தான் கேட்பேன். வீட்டில் ராத்திரி அவளாகவே என் தட்டில் இன்னொரு தோசையை எடுத்து வைத்தாள். சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கறி எடுத்தேன். தாரணி லேப்டாப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. சம்பூரணம் ஊட்டிவிடாத குறை.

பரணில் டேபிள் ஃபேன் தேடும்போது பழைய வைஃபை பெட்டி கிடைத்தது. கேபிள்காரரை மாற்றியபோது எடுத்துப் போட்டது. துடைத்துப் போட்டுப் பார்த்தேன், லைட் எல்லாம் எரிகிறது. பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.

இனிமேல் அவள் கூப்பிட்டு நான் எடுக்கவில்லை என்ற பேச்சே வரக்கூடாது.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஜெனரேட்டர் ரூம் சுவரில் ஒரு நெட்வொர்க் சாக்கெட் சும்மா கிடக்கிறது. முன்பு வாட்ச்மேன்கள் விரல் வைக்கிற மெஷின் அங்கே இருந்தது, நான்தான் கழற்றினேன். அந்த சாக்கெட்டிலிருந்து வைஃபை பெட்டிக்கு ஒரு சின்ன வயர் போட்டேன். பெட்டியின் பின்னால் ஒரே மாதிரி நாலு ஓட்டை, எதில் சொருகினால் என்ன, ஒன்றில் சொருகினேன். போனில் கோடு நிறைந்து நிற்கிறது! படம் கிடம் ஒன்றும் ஓடவில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது. பரவாயில்லை, புதுசுக்கு அப்படித்தான் இருக்கும்.

முப்பது வருஷ சர்வீசில் எலக்ட்ரிக் விஷயத்தில் யாரிடமும் யோசனை கேட்டவன் இல்லை நான்.

இன்றுதான் ஓ.பி. கம்ப்யூட்டர்களைத் தானாக நம்பர் வாங்கும்படி தாரணி மாற்ற ஆரம்பித்தாள். முதல் ஆறும் ஜம்மென்று நம்பர் வாங்கிக்கொண்டனவாம். மத்தியானத்துக்கு மேல் ஏதோ தகராறு.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பில்லிங் கவுண்டரில் இரண்டு கம்ப்யூட்டர் நம்பர் வாங்குகின்றன, ஆனால் தப்பான நம்பர். அதனால் சர்வரைப் பிடிக்க முடியவில்லை. ஜனம் வரிசையில் நின்று கத்துகிறது. தாரணி டைப் பண்ணிக்கொண்டே இருக்கிறாள், காது மட்டும் சிவந்துபோயிருக்கிறது. சின்னப் பிள்ளையில் கணக்கு வராவிட்டாலும் இப்படித்தான் சிவக்கும்.

கரண்ட் கோளாறோ என்று என்னைக் கூப்பிட ஆள் வந்தது. ஜெனரேட்டர் ரூமில் ஃபேன், லைட், எல்லாவற்றுக்கும் மெயினை அணைத்துவிட்டு (ஆள் இல்லாத ரூமில் ஒரு வாட்ஸ்கூட ஓடக்கூடாது, அது என் பழக்கம்) மேலே போனேன். பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னாள், போட்டேன். சரியாகிவிட்டது!

“அர்த்தநாரிண்ணன் கை ராசி,” என்றார்கள் கவுண்டர் பெண்கள். நான் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. உண்மையை நாம் ஏன் மறுக்க வேண்டும்?

ஆகஸ்ட் 14, புதன்

காலையில் எக்ஸ்ரே, மத்தியானம் மருந்துக் கடை, இரண்டு இடத்திலும் அதே கதை. இரண்டு தடவையும் ரூமை அணைத்துவிட்டு நான் போய் நின்றேன், இரண்டு தடவையும் சரியாயிற்று. கேண்டீனில் டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்கிறார்கள். “மகளுக்கு ஒரு கஷ்டம்னா அப்பன் போய் நின்னாப் போதுமாட்ட இருக்குது,” என்றார் டீ மாஸ்டர்.

இவருக்கு யார் சொன்னது? இந்த ஆஸ்பத்திரியில் ஒரு ரகசியம் நிற்காது.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். நாள் முழுக்க மைக் செட்டோடு வாசலிலேயே நின்றேன், ரூம் பக்கமே போகவில்லை. ஒரு கோளாறும் வரவில்லை. மிட்டாய் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

இன்று தாரணி நேராக ஜெனரேட்டர் ரூம் படி வரை வந்து கூப்பிட்டாள். வெளியே போய்ப் பேசினேன்.

“அண்ணா, ஒரு உதவி. சுவிட்ச் மட்டும்தான் நம்பர் குடுக்கணும். ஆனா இந்த பில்டிங்குல எங்கயோ இன்னொரு பெட்டி இருக்குது. கேக்கற மெஷினுக்கெல்லாம் அதுவும் தன்னிஷ்டத்துக்கு நம்பர் குடுக்குது. எது முந்திக் குடுக்குதோ அதைத்தான் கம்ப்யூட்டர் வாங்கிக்கும். நான் தேடப் போனா மாயமாயிருது. உங்களுக்குத்தான் எல்லா ரூமும் தெரியும். யாராவது புதுசா ஏதாச்சும் மாட்டியிருக்காங்களான்னு பாருங்க.”

என் மகள் பிழைப்பில் மண்ணைப் போடுகிறவன் யார்? எனக்கு ரத்தம் கொதித்தது. டாக்டர் ரூம், நர்ஸ் ரூம், மருந்துக் கடை, லாண்டரி, ஒன்றை விடவில்லை. மூன்றாம் மாடி டாக்டர் மேஜைக்கடியில் ஏதோ வயர் போனது. குனிந்து இழுத்தேன், கால் மசாஜ் பண்ணும் மெஷின். முறைத்தார். நானும் முறைத்தேன்.

எங்கேயும் இல்லை. என் ரூமில் இருப்பது நம்பர் கொடுக்கிற பெட்டி இல்லை, டவர் வாங்குகிற பெட்டி. அதைச் சொல்லி அவள் நேரத்தை வீணாக்கவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி பிறந்தது.

மோகனரங்கம் தாரணியை நிற்க வைத்தே பேசினார். “வியாழக்கிழமை திறப்பு விழாம்மா. புதன்கிழமை பெரிய டாக்டர் முன்னாடி மீட்டிங். அதுக்குள்ள சரியாகலைன்னா பழையபடி கையால நம்பர் போட்டுட்டுக் கிளம்புங்க. உங்க முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். சின்னப் பொண்ணை அனுப்பி விளையாடறாங்க.”

அவள், “சரிங்க சார்,” என்றாள். நான் கதவுக்கு வெளியே ஹோல்டர் மாற்றிக்கொண்டிருந்தேன். நல்ல ஹோல்டர்தான்.

திரும்பும்போது பேக்கரி முக்கில் ஏறினாள். வீடு வரும்வரை என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அப்படி வருவாள். வண்டியை மெதுவாகவே ஓட்டினேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

சாப்பிடும்போது முதல் தடவையாக வேலையைப் பற்றி வாய் திறந்தாள்.

“சுவிட்சுலயே ஒரு காவல் போட்டுட்டேங்கப்பா. நம்பர் குடுக்கற அதிகாரம் எந்தப் பக்கம்னு சொல்லீட்டேன். வேற எந்த ஓட்டைல இருந்து நம்பர் வந்தாலும் அதைத் தூக்கிக் கீழ போட்டுரும். எந்த ஓட்டை, எத்தனை மணின்னு ஞாபகமும் வெச்சுக்கும். அந்தப் பெட்டி அப்புறம் மாயமானாலும் மாட்டிக்கும்.”

போர்ட் என்று சொல்லாமல் ஓட்டை என்றாள். எனக்காகத்தான்.

“மாட்டட்டும் சாமி. எவனா இருந்தாலும் விடாதே. பேரோட சொல்லு,” என்றேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

டீசல் நிரப்பினேன். புது பில்டிங்கில் சீரியல் பல்பு கட்டினேன்.

மத்தியானம் தாரணி ஜெனரேட்டர் ரூமுக்குள் வந்தாள். இதுவரை உள்ளே வந்ததில்லை. கையில் ஒன்றும் இல்லை, லேப்டாப்கூட இல்லை. சுவரைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

“இது எப்பங்க மாட்டுனீங்க?”

“போன திங்கக்கிழமை. நீ கூப்பிட்டா எடுக்கோணும்ல. இங்க டவர் இல்ல, அதான்.”

ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள். அப்பன் தனக்காக எவ்வளவு செய்கிறான் என்று நினைத்திருப்பாள். பிறகு சாக்கெட்டில் நான் ஒட்டியிருந்த டேப்பைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். ‘22 - ஜெனரேட்டர் ரூம்.’ என் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கும்.

“இதை அணைச்சிருங்க. நாளைக்கு நான் சொல்ற வரைக்கும் ஆன் பண்ணாதீங்கப்பா,” என்றாள். ஆஸ்பத்திரிக்குள் அப்பா என்று வாய் தவறிவிட்டது, நான் சுட்டிக்காட்டவில்லை.

ராத்திரி அவள் சாப்பிடவில்லை. எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் தின்ற பஜ்ஜி.

ஆகஸ்ட் 21, புதன்

இன்றைக்கு நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

மீட்டிங்கில் பெரிய டாக்டர், மோகனரங்கம், பிலோமினா சிஸ்டர், தாரணி. எலக்ட்ரிக் சார்பாக நான். உட்காரச் சொன்னார்கள், நின்றேன்.

“அர்த்தநாரி, கரண்ட்ல ஏதாவது பிரச்சனையா?” என்று பெரிய டாக்டர் கேட்டார்.

“என் கரண்ட்ல ஒரு குறையும் இல்லீங்க,” என்றேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

தாரணி எழுந்தாள். காது சிவக்கவில்லை.

“பிரச்சனை என்னன்னு கண்டுபிடிச்சாச்சு சார். நம்ம ஓ.பி.ல டோக்கன் குடுக்கறாங்க. அதே வாசல்ல இன்னொருத்தர் நாற்காலி போட்டு உக்காந்து, வர்றவங்களுக்கெல்லாம் தன் இஷ்டத்துக்கு டோக்கன் குடுத்தா என்னாகும்? அதுதான் நடந்துச்சு. வீட்டு வைஃபை பெட்டி ஒண்ணை நம்ம நெட்வொர்க்குல சொருகியிருக்காங்க. அது சுவிட்சோட இருபத்திரண்டாவது போர்ட். ஜெனரேட்டர் ரூம்.”

நான் அவளைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்தாள்.

“சொருகினது எலக்ட்ரீஷியன் அர்த்தநாரி. அவர் ரூம்ல இருக்கும்போது பெட்டி ஓடும், தப்பு நம்பர் போகும். வெளிய வரும்போது மெயினை அணைப்பார், பெட்டியும் நின்னுரும். அதனாலதான் அவர் வந்து நின்னதும் சரியாச்சு.”

கை ராசி என்று எட்டு நாள் ஓசி டீ குடித்தேனே, மொத்தம் எத்தனை டீ என்று எண்ணிப் பார்த்தேன். நேற்றே எனக்குத் தெரிந்துவிட்டதா என்றால், தெரிந்துவிட்டது. பஜ்ஜி மேல் பழி போட்டேன்.

மோகனரங்கம் எகிறினார். “ஏப்பா, உனக்கு அறிவிருக்கா? ஒரு வாரமா ஆஸ்பத்திரியே...”

“இன்னும் முடிக்கலைங்க சார்,” என்றாள் தாரணி. “யார் சொருகினாங்கங்கறது ஒண்ணு. சொருகினா நெட்வொர்க் ஏன் நின்னுதுங்கறது இன்னொண்ணு. சும்மா கிடக்கற சாக்கெட்டை நான் மூடி வெச்சிருக்கணும். கண்ட பெட்டியும் நம்பர் குடுக்க முடியாதபடி முதல் நாளே காவல் போட்டிருக்கணும். ரெண்டையும் நான் செய்யலை. அது என் தப்பு. இப்ப காவல் போட்டாச்சு.”

“போட்டாச்சுன்னா எப்படிம்மா நம்பறது?” என்றார் பெரிய டாக்டர்.

தாரணி என்னிடம் திரும்பினாள்.

“அப்பா, போய் அந்தப் பெட்டியை மறுபடி ஆன் பண்ணுங்க.”

எல்லாருக்கும் முன்னால் அப்பா என்றாள். பெரிய டாக்டர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. “எங்களுக்குத் தெரியும்மா. ஆறாம் தேதியே லிஃப்ட்ல சொன்னாங்க,” என்றார். நான் பிலோமினா சிஸ்டரிடம் சொன்னதே எட்டாம் தேதிதான். அப்படியானால் ஆறாம் தேதி யார் சொல்லியிருப்பார்கள்? எனக்கு நினைவில்லை.

கீழே போனேன். பெட்டிக்கு மெயினைப் போட்டேன். லைட் எல்லாம் எரிந்தது. இந்த சனியன் என் பிள்ளையைக் கவிழ்த்துவிடக் கூடாதே என்று நின்றுகொண்டே வேண்டினேன். மேலே வந்தால் எல்லாரும் பில்லிங் கவுண்டரில் இருந்தார்கள். தாரணி ஒரு கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். சரியான நம்பர். அடுத்தது, சரியான நம்பர். எக்ஸ்ரே, மருந்துக் கடை, லேப், எல்லாம் சரி. அவள் லேப்டாப்பில் மட்டும் ஒரு வரி வந்து வந்து விழுந்தது. இருபத்திரண்டிலிருந்து வந்ததைக் கீழே போட்டாச்சு, கீழே போட்டாச்சு என்று அர்த்தமாம்.

என் பெட்டி உயிரைக் கொடுத்துக் கத்துகிறது, அவள் சுவிட்ச் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அவமானம் போன இடம் தெரியவில்லை. இதைச் செய்தது நான் பெற்ற பெண் என்று அந்தக் கவுண்டர் மேலே ஏறி நின்று கத்த வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் வரிசையில் நின்ற ஒரு பெரியவரிடம் மட்டும் சொன்னேன்.

“ஆனா அந்தப் பெட்டி இருக்கற இடம் உனக்கு எப்படி உடனே தெரிஞ்சுது?” என்று பெரிய டாக்டர் கேட்டார்.

“சுவிட்ச் இருபத்திரண்டுன்னு மட்டும்தான் சொல்லும் சார். அந்த வயர் எங்க போகுதுன்னு சுவிட்சுக்குத் தெரியாது. வயர்லயே எழுதி ஒட்டியிருந்துச்சு. பேரெழுதாம எங்கப்பா ஒரு வயரும் இழுத்ததில்லைங்க.”

சாயங்காலம் பேக்கரி முக்கில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தேன். போன் வந்தது. “அங்க எதுக்குங்கப்பா போனீங்க? கேட்டுக்கு வாங்க.” ஆஸ்பத்திரி வாசலில், எல்லாரும் பார்க்க ஏறி உட்கார்ந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும், “உங்க பேரைச் சொல்லீட்டேன்னு வருத்தமுங்களா?” என்றாள்.

“பேரோட சொல்லுன்னு சொன்னவன் நான். இன்னார்னு சொல்லாம முழுங்கியிருந்தீன்னா இந்த வண்டியில ஏத்தியிருக்க மாட்டேன்.”

அது பொய். ஏற்றியிருப்பேன். ஆனால் இன்றைக்கு இருக்கிற மாதிரி எனக்கு இருந்திருக்காது.

ஆகஸ்ட் 22, வியாழன்

திறப்பு விழா. சீரியல் பல்பு அத்தனையும் எரிந்தது. புது பில்டிங்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் போட்டதும் நம்பர் வாங்கிக்கொண்டது. தாரணியின் முதலாளி கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தார். அடுத்த மாசம் சேலத்தில் ஒரு காலேஜ் வேலை, அவள்தான் பொறுப்பு என்று என் காதுபட மோகனரங்கத்திடம் சொன்னார். நான் இரண்டு லட்டு எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

காலையில் தாரணி கோயமுத்தூர் கிளம்பினாள். போவதற்கு முன்னால் ஜெனரேட்டர் ரூமில் சரியான வைஃபை ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். பெரிய டாக்டரிடம் அனுமதி வாங்கித்தான்.

பதினோரு மணிக்குப் போன் வந்தது. முதல் ரிங்கிலேயே எடுத்தேன்.

“என்ன சாமி, கரண்ட்ல ஏதாச்சுமா?”

“இல்லீங்கப்பா. சும்மாதான் கூப்பிட்டேன்.”

ஆகஸ்ட் 24, சனி

மெமோ கொடுத்துவிட்டார்கள். சர்வீசில் முதல் மெமோ. ‘நெட்வொர்க் இன்ஜினியர் செல்வி அ. தாரணி கண்டறிந்தபடி, எலக்ட்ரீஷியன் திரு. அர்த்தநாரி அனுமதியின்றி...’ என்று ஆரம்பிக்கிறது. ஆபீஸ் தாளில் என் பெயரும் அவள் பெயரும் ஒரே வரியில் வருவது இதுதான் முதல் தடவை. கேண்டீனில் டீ மாஸ்டரிடமும் லிஃப்ட் ஆளிடமும் காட்டினேன். முழுதாகப் படிக்கச் சொன்னேன். டீக்கு இன்று காசு கொடுத்துவிட்டேன், அந்த எட்டு நாள் டீக்கும் சேர்த்து.

விளக்கம் கேட்டிருந்தார்கள். சம்பூரணம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பெரிதாக எழுதச் சொன்னாள். நான் எனக்கு வந்தபடி எழுதினேன்.

‘மேற்படி பெட்டியைச் சொருகியது நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. இனிமேல் கேட்காமல் எதையும் சொருக மாட்டேன். இதைக் கண்டுபிடித்தவர் என் மகள்.’

மோகனரங்கம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கடைசி வரி எதுக்குப்பா? விளக்கத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையே. அதை அடிச்சுட்டுக் குடு.”

“வேணும்னா மேல இருக்கற மூணு வரியை அடிச்சுக்கோங்க சார்,” என்றேன். “கடைசி வரி இருக்கட்டும்.”